முதல் முழம்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தில் களையே இல்லை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. 14 மாதம் ராப்பகலாக உழைத்துக் கொடுத்த புரோகிராமைப் பார்த்துவிட்டு, "நாங்க கேட்டது இது இல்லையே" என்று சொல்லிவிட்டாராம் வாடிக்கையாளர்.

"அவங்க சொன்னதைத்தான் மாமா செஞ்சோம். எழுதிக் கையெழுத்துகூட வாங்கினோம்" என்றாள்.

அவர்கள் பின்பற்றியது 'வாட்டர்ஃபால்' முறை. தேவையைக் கேட்டு எழுதுவது, வடிவமைப்பது, புரோகிராம் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது என்று படிப்படியாக இறங்கும். திருச்சுழிப் பக்கம் மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். இறங்கிய தண்ணீர் திரும்ப மேலே ஏறாது. இங்கேயும் அப்படித்தான். முதல் படியில் நடந்த தவறு கடைசிப் படியில் தெரிந்தால், திருத்துவதற்குள் பணமும் போகும், தூக்கமும் போகும்.

வேடிக்கை என்னவென்றால், 1970-ல் இந்தப் படிகளைப் படம் போட்டுக் காட்டிய அமெரிக்கர் வின்ஸ்டன் ராய்ஸ், இதை இப்படியே செய்வது ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். புதிதாக ஒன்றைச் செய்கிறீர்களா, முதலில் சிறிதாக ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. பலரும் படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2001-ல் 17 நிபுணர்கள் அமெரிக்காவில் கூடி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் 'அஜைல்' வழிக்கு அறிக்கையே வெளியிட்டார்கள்.

அவளுடைய அப்பா அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பாவை நடுவுல மாத்த முடியாதும்மா. நீளம், அகலம், நிறம் எல்லாம் முடிவு பண்ணித்தான் தறியில ஏத்தணும். ஊடை அப்படி இல்ல. முதல் முழம் நெய்ததும் முதலாளிகிட்ட காட்டிருவேன். கலர் பிடிக்கலைன்னா நாடாவுல நூலை மாத்திக்கலாம். நட்டம் ஒரு முழத்தோட போச்சு."

எல்லாவற்றையும் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. வீடு கட்டும்போது அஸ்திவாரம் பாவு; சமையலறை அலமாரி ஊடை. எது பாவு, எது ஊடை என்று முதலிலேயே பிரித்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். புது வேலையாம். "ரெண்டே வாரத்துல முதல் முழத்தைக் காட்டிட்டோம் மாமா. நாலு தப்பு சொன்னாங்க!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.