முந்திப் புறப்பட்டவர் வெல்லலாமா?

விமானப் பந்தயம் என்றால் மிக வேகமான விமானமே வெல்ல வேண்டும் என்பது பொதுப்புத்தி. மெதுவானதை முன்னால் அனுப்பிவிட்டு, வேகமானதைத் தரையில் காக்கவைத்துப் பின்னால் அனுப்பும் 'ஹேண்டிகேப்' பந்தயத்தில் வென்றவரைச் சாம்பியன் என்று அழைப்பதே தகாது என்று வாதிடுவோர் உளர். அது சலுகை, கருணை, செயற்கையான சமத்துவம் என்பது அவர்தம் வழக்கு. அவ்வழக்கை நாம் அடியோடு மறுக்கிறோம்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ஹேண்டிகேப் என்றதும் ஊனம், குறைபாடு என்று அகராதி பார்த்துப் பொருள் கொள்கிறோம். அச்சொல்லின் பிறப்பு வேறு. இங்கிலாந்தில் இருவர் தத்தம் பொருளை மாற்றிக்கொள்ள விரும்பினால், நடுவர் ஒருவர் இரண்டுக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டைக் கணித்துச் சொல்வார். இருவரும் பந்தயப் பணம் கிடக்கும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துத் தம் இசைவையோ மறுப்பையோ காட்டுவர். தொப்பிக்குள் கை: அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயம் இம்முறையைக் கைக்கொண்டு, வலிய குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றியது. நம்மிடம் 'ஈடு' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒப்பு என்றும் பொருள், அடகு என்றும் பொருள். இரண்டுமே இவ்விடத்துக்குப் பொருந்துகின்றன. (திருவாய்மொழி உரையை நினைத்துக்கொள்பவர்கள் பொறுத்தருள்க.)

இது கருணையா, கணக்கா என்று பார்ப்போம். 100 மைல் தொலைவுப் பந்தயம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மணிக்கு 100 மைல் பறப்பது 60 நிமிடம் எடுக்கும்; 200 மைல் பறப்பது 30 நிமிடம். ஆகவே இரண்டாவது விமானம் அரை மணி நேரம் கழித்துப் புறப்படும். எல்லாரும் தத்தம் விமானத்தின் திறனைப் பிசகின்றி வெளிக்கொணர்ந்தால் எல்லாரும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடப்பதில்லை. திருப்பக் கம்பத்தை இறுக்கமாக வளைந்தவர், உயரத்தை வீணாக்காதவர், வழி தவறாதவர் முந்துகிறார். இயந்திரத்தின் பங்கு முன்கூட்டியே கழிக்கப்பட்டுவிட்டதால், மீதமிருப்பது பெரும்பாலும் மனிதர்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. மணிக்கு 20 மைல் காற்று வீசுகிறது, போகும் 50 மைல் எதிர்காற்று, திரும்பும் 50 மைல் பின்காற்று என்று வையுங்கள். மெதுவான விமானம் இரண்டரை நிமிடம் இழக்கும். வேகமானது இழப்பதோ ஏறத்தாழ 18 நொடி. வினாடிகளில் முடிவாகும் பந்தயத்தில் இது பெருந்தொகை. காற்றைப் படிக்கத் தெரியாதவர் ஈடு கணிக்க இயலாது. இதைத்தான் சலுகை என்கிறார்கள்!

வரலாறு என்ன சொல்கிறது? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த கோப்பைக்காக 1922 செப்டம்பரில் முதல் 'கிங்ஸ் கப்' பந்தயம் நடந்தது. குராய்டனிலிருந்து கிளாஸ்கோ சென்று திரும்ப வேண்டும். வென்றவர் ஃபிராங்க் பர்னார்ட். அவர் ஓட்டியது, போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றியமைத்த டி ஹாவிலண்ட் டிஎச்.4ஏ. 1930-இல் 101 பேர் பதிவு செய்தனர். 88 விமானங்கள் புறப்பட்டன. ஹான்வொர்த்தில் தொடங்கி ஏறத்தாழ 750 மைல் சுற்றிய அப்பந்தயத்தை வென்றவர் வினிஃப்ரெட் பிரவுன், ஆவ்ரோ ஏவியன் என்னும் சிறு விமானத்தில். அக்கோப்பையை வென்ற முதல் பெண் அவரே. வேகமே அளவுகோல் என்றிருந்தால் அவர் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் திருக்கோயிலுக்கு வருவோம். ஷ்னைடர் கோப்பை, கடல் விமானங்களின் வேகப் பந்தயம். ஈடு கிடையாது, கழிவு கிடையாது. 1931-இல் பிரிட்டன் அரசு பணம் தர மறுத்தது. லேடி ஹூஸ்டன் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார். பிரான்சும் இத்தாலியும் வரவில்லை. சூப்பர்மரீன் எஸ்.6பி-யில் பூத்மன் தன்னந்தனியாகச் சுற்றி, மணிக்கு 340 மைல் வேகத்தில் கோப்பையை வென்றார். மூன்றாம் தொடர் வெற்றியாதலால் கோப்பை நிரந்தரமாகப் பிரிட்டனுக்கே சொந்தமாயிற்று. பந்தயம் அத்தோடு முடிந்தது. பொறியியலுக்கு அது பெருங்கொடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதிராளியே இல்லாத வெற்றியை விளையாட்டு என்று கொண்டாடுபவர்கள், 88 விமானங்களுக்கிடையே வென்றவரைப் பார்த்துச் சலுகை என்பது வேடிக்கை.

ரீனோவில் 1964 முதல் 2023 வரை நடந்த பந்தயங்களை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. அங்கேயும் விமானங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் ஓட்டினார்கள். இரட்டைச் சிறகு விமானம் தன் இனத்தோடு, டி-6 இன்னொரு டி-6-ஓடு. வகுப்புப் பிரிப்பதும் ஈடுதான், பெயர்தான் வேறு.

1950-இல் நடந்ததைக் கேளுங்கள். இளவரசி மார்கரெட்டின் சார்பில் ஒரு ஹரிக்கேன் போர்விமானம் களமிறங்கியது. ஓட்டியவர் பீட்டர் டவுன்செண்ட், போரில் பெயர் பெற்ற வீரர். அவருக்கு இரண்டாமிடமே கிட்டியது. முதலிடம் மைல்ஸ் நிறுவனத்தின் ஒரு பயிற்சி விமானத்தில் வந்த எட்வர்ட் டேக்கு. அரண்மனையின் ஆளுக்கும் ஹரிக்கேனுக்கும் ஈட்டுக் கணக்கு அசைந்து கொடுக்கவில்லை.

குறைகள் இல்லையா? உண்டு. தன் விமானத்தின் உண்மை வேகத்தை மறைத்து நல்ல ஈடு பெற முயலும் ஆசை, இம்முறை உள்ளளவும் இருக்கும். எல்லாரையும் ஒரே நேரத்தில் கோட்டுக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்பதால், கடைசிச் சுற்றில் தாழ்வாகப் பறக்கும் விமானங்கள் நெருங்கிவிடும் அபாயமும் அதனுள்ளேயே இருக்கிறது. இவற்றைச் சுட்டி வாதிடுபவர்களோடு நாம் உட்கார்ந்து பேசத் தயார். வேகமான விமானத்துக்கு அநீதி என்பவர்களுக்கு மட்டும் 1938-ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு அலெக்ஸ் ஹென்ஷா தம் பெர்சிவல் மியூ கல் விமானத்தை மணிக்கு 236 மைலுக்கு ஓட்டி அதே கிங்ஸ் கப்பை வென்றார். அக்கோப்பையில் அதுவரை எவரும் எட்டாத வேகம் அது. அவருக்கும் கணித்தே ஈடு வைத்தார்கள். கணித்தவர்கள் நினைத்ததைவிட நன்றாக அவர் பறந்தார்.