வேலை தேடும் ஆப்பில் 'எந்தத் துறை?' என்ற கேள்வி: சித்தேரிக்காரர் எதை டிக் செய்வார்?

வேலை தேடும் ஆப் எதைத் திறந்தாலும் படிப்பு, ஊருக்கு அடுத்து வருகிற கேள்வி 'இண்டஸ்ட்ரி'. ஐடி, வங்கி, ஹெல்த்கேர், ஆட்டோமொபைல், டெக்ஸ்டைல் என ஒரு நீளமான பட்டியல். நாமும் பெரிதாக யோசிக்காமல் ஒன்றை டிக் செய்துவிட்டு நகர்கிறோம். ஆனால், உங்கள் ஸ்கிரீனில் எந்த வேலை வரும், எது வராது என்பதை அந்த ஒரு டிக்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இந்தப் பட்டியலை யார் போட்டது? தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையில் இருக்கும் ஒரு இளைஞருக்கு இந்தப் பட்டியலில் இடம் இருக்கிறதா?

துறைகளைப் பிரித்தது யார்?

ஐ.நா. சபை 1948-ல் உலகம் முழுவதற்குமான தொழில் வகைப்பாடு ஒன்றை உருவாக்கியது. அதைத் தழுவி இந்தியா 1962-ல் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. 1970-லிருந்து அது 'தேசியத் தொழில் வகைப்பாடு', அதாவது என்.ஐ.சி. என்ற பெயரில் திருத்தப்பட்டு வருகிறது. 2008-ம் ஆண்டுப் பதிப்பில் மொத்தப் பொருளாதாரமும் 21 பெரும் பிரிவுகளாகவும், 88 உட்பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டு, கடைசியில் ஐந்து இலக்க எண்ணில் முடிகிறது. சிறு தொழில் நடத்துபவர்கள் 'உத்யம்' பதிவில் நிரப்புகிற எண் இதுதான்.

விதி ரொம்ப சிம்பிள். ஒரு நிறுவனம் பல வேலைகள் செய்யலாம். எதில் அதிக மதிப்பை உருவாக்குகிறதோ, அதுதான் அதன் துறை. பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனி தன்னை 'டெக்' என்று சொல்லிக்கொள்ளலாம். என்.ஐ.சி.யைப் பொறுத்தவரை அது இருசக்கர வாகன உற்பத்தி. உற்பத்தி ஆலைகள் அடங்கும் அதே பெரும் பிரிவுதான்.

தனியார் வேலைவாய்ப்புத் தளங்களில் கதை வேறு. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் நிறுவனமே தனக்குப் பிடித்த துறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு கம்பெனிகளில் ஒன்று 'இன்டர்நெட்' என்றும், இன்னொன்று 'லாஜிஸ்டிக்ஸ்' என்றும் இருக்கிறது.

துறை வேறு, தொழில் வேறு

வேலை தேடுபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். துறை என்பது முதலாளி என்ன செய்கிறார் என்பது. தொழில் என்பது நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவரின் துறை மருத்துவம், தொழில் ஓட்டுநர். பனியன் கம்பெனி அக்கவுன்டன்ட்டின் துறை ஆடை உற்பத்தி, தொழில் கணக்கு.

தொழில்களுக்கென்று என்.சி.ஓ. 2015 என்ற தனிப் பட்டியலே இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளம், ஒருவர் செய்யும் வேலையைப் பதிய இதைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் பி.காம் முடித்துவிட்டு 'வங்கி' என்று மட்டும் டிக் செய்தால், திருப்பூரிலும் ஓசூரிலும் இருக்கும் நூற்றுக்கணக்கான கணக்கர் வேலைகள் கண்ணிலேயே படாது. முதலில் தொழிலை வைத்துத் தேடுங்கள், துறையை அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

சித்தேரிக்கு வருவோம்

மலையாளி பழங்குடியினர் வாழும் மலை இது. சாமை, கேழ்வரகு விதைப்பு கொஞ்ச மாதம். புளி, கடுக்காய் என்று காட்டில் சேகரிப்பது கொஞ்ச மாதம். மீதி நாள்களுக்குக் கேரளா, திருப்பூர், கர்நாடக எஸ்டேட் என்று இறங்க வேண்டியதுதான். என்.ஐ.சி.யில் இவை விவசாயம், வன விளைபொருள் சேகரிப்பு, கட்டுமானம், ஆடை உற்பத்தி என நான்கு வெவ்வேறு இடங்கள். ஒரே ஆள், ஒரே வருடம். ஆப்போ ஒரு துறையைத்தான் கேட்கிறது.

சட்டமும் இப்படித்தான் பார்த்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் ஒரு சட்டம் வந்தது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. ஆனால் தனியார் விவசாய, தோட்ட வேலைகளுக்கும், வீட்டு வேலைக்கும், மூன்று மாதத்துக்குக் குறைவான வேலைகளுக்கும் விலக்கு இருந்தது. அதாவது, மலையிலிருந்து இறங்குபவருக்குக் கிடைக்கிற வேலைகளில் பெரும்பகுதி அந்தப் பலகைக்கே வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை!

பலகையில் வராத வேலையை யார் கொண்டுவருவார்? மேஸ்திரி, ஏஜென்ட், 'தெரிஞ்ச அண்ணன்'. பல நேரம் அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் முதலாளி யார், என்ன வேலை, எந்த ஊர் என்பதெல்லாம் வாய்வார்த்தைதான். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கட்டட வேலை, பெயின்ட் வேலை என்று சொல்லித்தான் போனார்கள் என்று இறந்தவர்களின் குடும்பங்கள் பல அப்போது சொன்னன. ஒரு பட்டியல் சரியாக இருந்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எழுத்தில் இல்லாத வேலைக்கு ஆள் எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஏஜென்சியும் ஒரு துறைதான்

இன்னொரு சிக்கல் நகரத்து இளைஞர்களுக்கும் பொருந்தும். மேன்பவர் ஏஜென்சி மூலம் ஆலைக்குப் போகிறீர்கள். தைப்பது சட்டை. ஆனால் உங்கள் முதலாளி காகிதத்தில் அந்த ஏஜென்சிதான். என்.ஐ.சி.யில் அதற்கு 78 என்று தனி எண்ணே உண்டு. சட்டை தைத்தாலும் செல்போன் பாகம் மாட்டினாலும் நீங்கள் 'வேலைவாய்ப்புச் சேவை'த் துறையில் போய்ச் சேர்வீர்கள்.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலி பல்லாண்டுகளாகத் தொழில்வாரியாகத்தான் நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளருக்கு 1994-லிருந்தும், ஆப் வழி டெலிவரி ஊழியர்களுக்கு 2023-லிருந்தும் தனித்தனி நலவாரியங்கள் இருக்கின்றன. எந்தப் பெட்டியில் உங்களைப் போடுகிறார்கள் என்பதில்தான் உரிமையும் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெட்டிகளே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. பெட்டி இல்லாமல் லட்சக்கணக்கான வேலைகளில் தேட முடியாது. நாம் கேட்பது மூன்று மாற்றங்கள். வேலைவாய்ப்புத் தளங்கள் முதலில் தொழிலைக் கேட்கட்டும், துறையைப் பிறகு கேட்கட்டும். ஏஜென்சி விளம்பரம் என்றால், உண்மையில் வேலை நடக்கும் நிறுவனத்தின் பெயரும் துறையும் ஊரும் அதில் கட்டாயம் இருக்கட்டும். மூன்று மாத வேலை, அறுவடை வேலை, எஸ்டேட் வேலை ஆகியவற்றுக்கும் அரசின் தளத்தில் ஓர் இடம் கிடைக்கட்டும். அதை மலைக் கிராமங்களின் ஊராட்சி அலுவலகத்தில் அச்சடித்து ஒட்டட்டும்.

அதுவரை, யாராவது வேலை என்று கூப்பிட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். சம்பளம் தரப்போவது யார்? வேலை நடக்கும் இடம் எது? இதை எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு இழுத்தடித்தால், பஸ் ஏறாதீர்கள்.