களத்தில் இறக்கிவிட்டால் போதுமா?

வேறொரு நாட்டிலிருந்து வந்த விளையாட்டு வீரரை ஒரு சமூகம் மனதார ஏற்றுக்கொண்டதா என்பதை, அவருக்குப் போட்டுவிட்ட தேசியச் சீருடையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. காலில் வேகமும் தோளில் வலுவும் இருக்கும்வரை யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆட்டம் ஓய்ந்த பிறகு தங்கள் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விடுகிறார்களா என்பதே உரைகல். ஜப்பான் ரக்பியில் அந்தச் சோதனையைத் தாண்டியவர்களில் ஒருவர் சினாலி லாத்து. அவரைப் போன்றவர்களை அந்நாடு இன்னும் எவ்வளவு தூரம் உயர்த்தியிருக்க வேண்டும் என்பதற்கும் அவரது வாழ்க்கையே சான்று.

இந்தக் கதை ரக்பியில் தொடங்கவில்லை. பசிபிக் தீவு நாடான டோங்காவின் மன்னர் நான்காம் துப்போவுக்கு மணிச்சட்டத்தின் மீது பெரும் நம்பிக்கை. இன்று நம் பிள்ளைகள் அபாகஸ் வகுப்பில் பழகும் அதே கருவியை ஜப்பானில் கற்றுவர, 1980இல் தன் நாட்டு இளைஞர்கள் இருவரை டைட்டோ புங்கா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கணக்குப் பழக வந்தவர்கள் ரக்பியும் ஆடினார்கள். அந்தத் தடத்தில் 1985இல் வந்தவர் லாத்து. படித்து முடித்து சான்யோ நிறுவன அணியில் சேர்ந்தார். ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். ஜப்பானுக்காக 32 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். 1987, 1991, 1995 என மூன்று உலகக் கோப்பைகள். 1989இல் டோக்கியோவில் ஸ்காட்லாந்தை 28-24 என வீழ்த்திய அணியில் அவர் இருந்தார். 1991 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயை 52-8 என வென்றது ஜப்பான். அதற்குப் பிறகு, 2015இல் தென்னாப்பிரிக்காவைச் சாய்க்கும்வரை, 24 ஆண்டுகள் உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு வேறு வெற்றியே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே பயிற்சியாளரானார் லாத்து. இதைச் சிறிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஆடியது எட்டாம் எண் இடம். இரு அணிகளும் பந்துக்காக முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் ஓர் அணியின் எட்டுப் பேர் மூன்று வரிசையாகப் பிணைந்து குனிய, கடைசியில் நிற்பவர் முன்னிருக்கும் இருவருக்கு நடுவே தலையைக் கொடுத்து, தள்ளிக்கொண்டே காலடியில் பந்தையும் காக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் மொத்தமும் குலையும். பிடி எங்கே, முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்பதையெல்லாம் தோளைத் தொட்டுக் காட்டித்தான் சொல்லித்தர முடியும். மாணவனின் மொழியில் கண்டிக்கவும் தட்டிக்கொடுக்கவும் தெரிய வேண்டும். ஊர் புதிது, மொழி புதிது என்று வந்து இறங்கும் பதினெட்டு வயது டோங்கா இளைஞனுக்கும், அவனுக்குப் பக்கத்தில் பிணைந்து நிற்கும் ஜப்பானிய மாணவனுக்கும் ஒரே நேரத்தில் ஆசானாக இருக்க எத்தனை பேரால் முடியும்? 2023 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகத் தானே பந்தை உதைத்து, தானே துரத்திப் பிடித்து டிரை போட்ட அமாட்டோ ஃபகடாவாவும் அதே பல்கலைக்கழகத்து மாணவர்தான்.

ஜப்பான் ரக்பியின் வெற்றி கடன் வாங்கிய வெற்றி என்பவர்கள் உண்டு. 2019 உலகக் கோப்பையில் காலிறுதி வரை சென்ற ஜப்பான் அணியின் 31 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலர் பள்ளிக்கோ கல்லூரிக்கோ வந்து அங்கேயே வளர்ந்தவர்கள். கேப்டன் மைக்கேல் லீச் பதினைந்து வயதில் சப்போரோவின் பள்ளிக்கு வந்தவர். ஒரு நாட்டின் மொழியில் படித்து, வரி கட்டி, பிள்ளை வளர்ப்பவரைக் கூலிக்கு வந்தவர் என்பது நியாயமில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது. சுமார் ஒரு லட்சம் பேரே வாழும் டோங்காவின் திறமையைப் பணக்கார நாடுகள் உறிஞ்சிக்கொள்கின்றன என்பது. இதை நான் மறுக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணமே அந்நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்பதால், போகாதே என்று அந்த இளைஞர்களைத் தடுப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை. முப்பத்தைந்து வயதில் உடல் தேய்ந்ததும் அவர்களைக் கைவிடாமல் இருப்பதுதான் அழைத்தவர்களின் கடன். அதற்கு நேர்வழி, பயிற்சியாளர் படிப்பும் பதவியும்.

தகுதி பார்த்துத்தானே பதவி தர முடியும் என்று கேட்கலாம். அப்படியே பார்ப்போம். ஜப்பான் தேசிய அணி நியூசிலாந்திலிருந்து ஜான் கிர்வனையும் ஜேமி ஜோசப்பையும், ஆஸ்திரேலியாவிலிருந்து எடி ஜோன்ஸையும் தலைமைப் பயிற்சியாளராக்கியது. மூவருமே தகுதியானவர்கள், வெளிநாட்டவர் என்பது தடையாக இருக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அந்த அணிக்குத் தோள் கொடுத்துவரும் டோங்காவிலிருந்து வந்த ஒருவர்கூட அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை. உதவிப் பயிற்சியாளர், இளையோர் அணி, தேசிய அணி எனப் படிப்படியாக ஏறிவரும்போதுதான் தகுதி கூடும். முதல் படியிலேயே நிறுத்திவைத்துவிட்டுத் தகுதி போதவில்லை என்பது சரியல்ல. 2025இல் ஜப்பானின் ரக்பித் தொடரான லீக் ஒன் அறிவித்த விதி, குடியுரிமை பெற்ற வீரர்களில் பலரை, அங்கே கட்டாயப் பள்ளிக் கல்வி பெறவில்லை என்பதற்காகத் தனிப் பிரிவில் வைக்கிறது. குடிமகனான பிறகும் நீ வேறு என்று வீரனிடம் சொல்லும் ஓர் அமைப்பு, நாளை அவனையே பயிற்சியாளராக எப்படி ஏற்கும்? அந்தப் பிரிவினையை ஜப்பான் கைவிட வேண்டும். லாத்துவின் தலைமுறைக்குப் பிறகு வந்து, இப்போது ஆட்டத்தை முடித்துக்கொண்டிருக்கும் வீரர்களை இளையோர் அணிகளின் பயிற்சிக் குழுக்களில் இந்தப் பருவத்திலேயே அமர்த்தத் தொடங்கலாம்.