யாருடைய பண்பாடு?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகளை நீக்குக என்ற குரல் எழும்போதெல்லாம் மறுபுறத்திலிருந்து ஒரே விடைதான் வருகின்றது. ஒருபாலுறவு மேல்நாட்டார் நம்மீது சுமத்த முனையும் சீர்கேடு; நமது பண்பாட்டுக்கு அது அந்நியமானது; ஆகவே சட்டம் இருந்தே தீரவேண்டும். வேறெதிலும் உடன்படாத அரசியல்வாதிகளும் சமயத் தலைவர்களும் இந்த ஒன்றிலே கைகோத்து நிற்கின்றனர். முற்போக்கு அணியிலுள்ள சிலரும் இதற்குத் தலையாட்டுவதைக் காண்கின்றோம். எனவே இவ்விடையை வரலாற்றின் உரைகல்லிலே உரைத்துப் பார்க்க வேண்டியவர்களாகின்றோம்.

நமுனுகுல மலைச்சரிவுகளிலே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பது தேயிலை. இச்செடி ஆதிகாலந்தொட்டு இம்மலைக்கு உரியது என்று எவரும் சொல்வதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் அது மலைநாடெங்கும் பரவியது. நாம் பேசவந்த சட்டமும் அதே காலத்துச் சரக்குத்தான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையை முன்மாதிரியாகக் கொண்டு, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக அது இங்கே வந்தது. தேயிலைக் கன்றும் தண்டனைச் சட்டமும் ஒரே எசமானின் கையால் ஒரே தலைமுறையில் நடப்பட்டவை. ஒன்றை வெள்ளைக்காரன் வைத்த பயிர் என்கின்றோம். மற்றதற்கு மட்டும் முன்னோர் தந்த பண்பாடு என்று பெயராம்!

இச்சட்டத்தின் வேர் எங்கே உள்ளது? 1533இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியிலே, அதுவரை திருச்சபையின் விசாரணைக்குரியதாக இருந்த ஒரு பாவத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றம் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. ரோமாபுரித் திருச்சபையின் அதிகாரத்தைப் பறித்து மன்னன் தன் கையில் குவித்துக்கொண்ட காலம் அது. அச்சட்டத்தின்கீழ் கடைசியாக இருவர் இலண்டனிலே தூக்கிலிடப்பட்டது 1835இல். 1861இல் தூக்குக்குப் பதிலாகச் சிறை வந்தது. அந்தக் குற்றந்தான் கப்பலேறி இந்தியாவுக்கும் பின்னர் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளிலும் 'சோதோமின் பாவம்' ஆட்சியாளருக்கு வாய்ப்பான ஆயுதமாயிற்று. 1730இல் ஒல்லாந்திலே யூட்ரெக்ட் நகரில் தொடங்கிய வேட்டை நாடெங்கும் பரவியது. அக்காலத்தில் கடலணைகளின் மரத்தூண்களை ஒருவகைப் புழு அரித்துத் தின்றது. அணைகள் பழுதுபட்டதற்குக் காரணம் இப்பாவமே, இது தேவகோபம் என்று போதகர்கள் முழங்கினர். 1731இல் குரோனிங்கன் மாகாணத்தின் ஒரு சிற்றூர்ப் பகுதியில், ருடோல்ஃப் டி மெப்ஷே என்ற நிலப்பிரபு நீதிபதியாக அமர்ந்து 22 பேரை ஒரே நாளிற் கொன்றான். புழு அரித்த மரத்துக்கு மனிதரைப் பலி கொடுப்பது ஒழுக்கமா? நெருக்கடி வரும்போது மக்களின் கோபத்தை எளியோர்மீது திருப்பிவிடும் தந்திரம் அது. இன்றைய ஆட்சியாளருக்கும் அது மறந்துபோன வித்தையன்று.

இந்த ஐரோப்பியர் கீழ்த்திசைக்கு வந்தபோது சொன்னது என்ன? நாகரிகர் எனத் தம்மை அழைத்துக்கொண்டோர் இதனைக் கவனிக்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோட்டை இராச்சியத்திலிருந்து எழுதப்பட்ட போர்த்துக்கேயக் கடிதமொன்று, இந்நாட்டிலே சோதோமின் பாவம் மலிந்துள்ளதென்றும், அரசன் செய்வதையே தாமும் செய்வதாகப் பிரதானிகள் வெட்கமின்றிச் சொல்கின்றனரென்றும் முறையிடுகின்றது. அந்த அரசன் ஏழாம் புவனேகபாகு. போர்த்துக்கேயரின் துணையை நாடியவன்; ஆனால் ஞானஸ்நானம் பெற மறுத்து நின்றவன். கடிதம் சொல்வது மெய்யோ பொய்யோ, அதன் நோக்கம் வெளிப்படை: இணங்காத அரசனை இழிந்தவனாகக் காட்டுவது. அமெரிக்கக் கண்டத்திலும் இதுவே நடந்தது. 1513இல் பனாமாப் பகுதியிலே ஸ்பானியத் தளபதி பல்போவா இதே குற்றத்தைச் சுமத்தி ஆதிக்குடிகள்மீது நாய்களை ஏவிக் கொன்றான்.

அன்று ஐரோப்பியன் சொன்னான்: "இது உங்கள் நாட்டு வழக்கம், அதனால் நீங்கள் இழிந்தவர்கள்." இன்று நம்மவர் சொல்கின்றனர்: "இது ஐரோப்பியன் வழக்கம், அதனால் அவன் இழிந்தவன்." குற்றச்சாட்டு ஒன்றே, விரல் நீளும் திசை மட்டுமே மாறியிருக்கின்றது.

தன் ஆட்களையும் அந்தக் குடியேற்றவாதம் விட்டுவைக்கவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் உயர் அதிகாரியாகச் சீயத்திலே பணியாற்றி, அந்நாட்டைப் பற்றி நூலெழுதிய ஜூஸ்ட் ஷோட்டன் 1644இல் பத்தாவியாவிலே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். 1735இல் நன்னம்பிக்கை முனையிலே, ரொபன் தீவுச் சிறையிலிருந்த ஒல்லாந்த மாலுமி ஒருவனும் ஆபிரிக்கக் கொய்கொய் இனத்தவன் ஒருவனும் ஒருங்கே கடலில் அமிழ்த்தப்பட்டனர். வெள்ளையனையும் கறுப்பனையும் கும்பனி சமமாக நடத்திய அரிய தருணங்களில் இது ஒன்று போலும்!

ஊவாவின் கதைக்கு வருவோம். கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலமெல்லாம் இம்மலைப்பகுதி கண்டி இராச்சியத்தின் பகுதியாகவே இருந்தது. 1815இல் அவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817–18இல் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சியை அவர்கள் வீடுகளையும் வயல்களையும் அழித்து ஒடுக்கினர். அந்தப் படைகளுக்குப் பின்னாலேதான் அவர்களுடைய ஒழுக்கமும் மலையேறியது. கண்டி நாட்டிலே சகோதரர் இருவர் ஒரு பெண்ணுடன் ஒரே மனையில் வாழ்வது சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உடன்பாடானது என்பதை, அங்கே ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் பதினேழாம் நூற்றாண்டிலே பதிந்துவைத்தார். 1859இல் ஆங்கிலேயரின் கட்டளைச் சட்டம் அதனைத் தடைசெய்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற குடும்ப வடிவந்தான் இத்தீவின் என்றுமுள நெறி என்று இன்று முழங்குவோர், தம்மையறியாமலே விக்டோரியா மகாராணியாரின் விசுவாசமுள்ள பிரஜைகளாகப் பேசுகின்றனர்.

இதனால் பழமையிலே நாம் பொற்காலம் தேடப் புறப்பட்டோம் என எவரும் எண்ண வேண்டாம். ஆடவரிடையே நிகழும் புணர்ச்சிக்கு உடுத்த ஆடையுடன் நீராடுவதை ஒரு பிராயச்சித்தமாகச் சொல்லும் மனு, கன்னியொருத்தியைக் களங்கப்படுத்தும் பெண்ணுக்கு விரலை வெட்டுமாறும் சொல்கின்றது. அங்கே காக்கப்படுவது ஒழுக்கமன்று. கன்னிமை என்னும் உடைமை. சாதியையும் பெண்ணடிமையையும் பேணிய சமுதாயம் விடுதலைக்கு வழிகாட்டாது. ஆனால் ஒருபாலுறவு இம்மண்ணுக்குத் தெரியாத ஒன்றாக இருந்திருந்தால், அதற்குப் பிராயச்சித்தமும் அர்த்தசாத்திரம் விதிக்கும் அபராதமும் எதற்கு? தெரியாத நோய்க்கு எவரும் மருந்து எழுதிவைப்பதில்லை.

இனி நமது அணிக்குள் எழும் மறுப்பைப் பார்ப்போம். இது முதலாளித்துவச் சீரழிவு என்கின்றனர் சிலர். 1917இன் புரட்சி ஜார் மன்னனின் சட்டங்களைத் தூக்கி எறிந்தது. 1922இன் சோவியத் தண்டனைக்கோவையிலே ஒருபாலுறவு குற்றமாக இடம்பெறவில்லை. 1934இல் ஸ்டாலின் காலத்திலே அது மீண்டும் குற்றமாயிற்று. 'தாய்' நாவலால் நம் நெஞ்சில் இடம்பெற்ற மார்க்சிம் கோர்க்கியே அவ்வாண்டில் இதனைப் பாசிசத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினார். அடுத்த ஆண்டே, 1935இல், ஹிட்லரின் அரசு ஜேர்மனியின் 175ஆம் பிரிவைக் கடுமையாக்கியது. ஒருபாலுறவினர் பல்லாயிரவர் சிறைக்கும் சித்திரவதை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஒரே மனிதரை ஒருவர் பாசிசத்தின் குழந்தை என்கின்றார். பாசிசமோ அவரை முள்வேலிக்குள் அடைக்கின்றது. மேதையின் பேனா என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடாது.

கூலிப் போராட்டம் இருக்க இது எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. உழைக்கும் உடல் துரைக்குச் சொந்தம் என்றது அச்சட்டம். காதலிக்கும் உடல் அரசுக்குச் சொந்தம் என்றது 1883இன் சட்டம். இரண்டும் ஒரே ஆட்சியின் இரு கரங்கள். முதலாவதை ஒழிக்கப் போராடியவர்களின் வழிவந்தோர் இரண்டாவதைப் போற்றலாமா? அன்றியும், 365அ பிரிவு பகிரங்கத்தில் நிகழ்வதை மட்டுமன்றி அந்தரங்கத்தில் நிகழ்வதையும் குற்றமென்கின்றது. பங்களாவைச் சுற்றித் தோட்டமும் மதிலும் உண்டு. ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிரும் லயத்திலே அந்தரங்கம் ஏது? இத்தகைய சட்டம் எங்கும் முதலில் பிடிப்பது, இலஞ்சம் கொடுக்கவோ வழக்கறிஞரை அமர்த்தவோ இயலாத ஏழையைத்தான். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் 'நீ இந்நாட்டவன் அல்லன்' என்று ஒதுக்கப்பட்ட மக்கள், 'நீ இயற்கைக்கு உரியவன் அல்லன்' என்று இன்னொருவரை ஒதுக்கும் குரலை இனங்கண்டுகொள்ள வேண்டாமா?

இச்சட்டத்தை ஏற்றுமதி செய்த இங்கிலாந்து 1967இலேயே தன் நாட்டில் அதனைத் தளர்த்தியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6இல், வயதுவந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. நமது பாராளுமன்றமோ 1995இல் 365அ பிரிவைத் திருத்தி, ஆடவரை மட்டுமே தொட்ட சட்டத்தைப் பெண்களுக்கும் விரித்தது. வெள்ளையன் விட்ட குறையை நம்மவர் நிரப்பினர்! 2023 மே மாதத்திலே, இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் அந்தப் பாராளுமன்றம் 2024இல் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! போர்த்துக்கேயர் வந்த ஆண்டையும் ஒல்லாந்தர் போன ஆண்டையும் வகுப்பறையில் மனப்பாடம் செய்விக்கின்றோம். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம் இன்னும் நம்முடனேயே குடியிருப்பதையும் சேர்த்துக் கற்பிப்போம். தொழிற்சங்க மேடையிலும் ஆசிரியர் சங்கத்திலும் 365, 365அ பிரிவுகளை நீக்கக் கோரும் தீர்மானங்களைக் கொண்டுவருவோம். வகுப்பிலே ஏளனத்துக்கு ஆளாகும் பிள்ளையின் பக்கம் நிற்போம். மனிதர் ஒருவருக்கொருவர் கொள்ளும் அன்பை அளந்து தண்டிக்கும் கோலை ஆங்கிலேயன் போகும்போது மறந்து விட்டுச் சென்றான். அதனை நம் முன்னோரின் செங்கோல் என்று வணங்கிக்கொண்டிருப்பதைவிட இழிவு நமது பண்பாட்டுக்கு வேறில்லை.