காற்றுக்கா, வரிக்கா?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் தூங்கி வழிபவர்கூட முப்பந்தல் வந்தால் எழுந்து பார்ப்பார். அத்தனை காற்றாலைகள்! அவற்றை அங்கே கொண்டுவந்தது காற்று மட்டுமில்லை. வருமான வரியின் தேய்மான விகிதமும்தான்.

1990களில் காற்றாலைக்கு முதல் வருடமே 100 சதவீதம் தேய்மானம் காட்டலாம். கணக்கு எளிது. 10 கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கிய மில் முதலாளிக்கு லாபத்தில் 10 கோடி கழிந்துவிடும். வரி 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வருடம் மூன்றரைக் கோடி மிச்சம். பின்னால் கழிக்கத் தேய்மானம் இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அதுவரை அது அரசு கொடுத்த வட்டியில்லாக் கடன். மானியம் என்று பெயர் இல்லை, அவ்வளவே.

இதில் ஒரு வேடிக்கை. நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்தால் முழுத் தேய்மானம். ஆகவே செப்டம்பர் கடைசியில் ஓட்டிக் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் காற்று சீசனோ மே முதல் செப்டம்பர் வரை! காற்று ஓய்ந்தபின் வந்த காற்றாலைக்கும் முழுச் சலுகை. எத்தனை யூனிட் மின்சாரம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

2009இல்தான் சரியான கேள்வி கேட்கப்பட்டது. தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவர்களுக்கு, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை. ஓடாத காற்றாலைக்கு ஒன்றும் கிடையாது. நல்ல இடத்தில் நிறுவி, ஒழுங்காகப் பராமரித்தவருக்கே பணம்.

"அப்படியானால் சலுகைகளை ஒரேயடியாக நிறுத்திவிடலாமே" என்பவர்களுக்கு 2012 பதில் சொல்லும். அந்த மார்ச்சோடு இரண்டு சலுகைகளும் நின்றன. 2011-12இல் நாடு முழுவதும் 3,000 மெகாவாட்டைத் தாண்டிய புதிய காற்றாலைகள், அடுத்த வருடம் 1,700 அளவுக்குச் சரிந்தன. ஊக்கத்தொகை 2013இலும், தேய்மானம் 2014இலும் திரும்பி வந்தன. 2017இல் ஊக்கத்தொகை முடிந்தது, தேய்மானம் 40 சதவீதமானது. இப்படி வந்து வந்து போனால் எந்த முதலீட்டாளர் 20 வருடத் திட்டம் போடுவார்?

அரசு பணம் கொடுப்பது தப்பில்லை. வாங்கிய பில்லுக்குக் கொடுக்காமல் மீட்டரில் ஓடிய யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டும். எப்போது நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாட்டரிக்கும் பசுமை ஹைட்ரஜனுக்கும் சலுகை அறிவிப்பவர்கள் ஒருமுறை முப்பந்தல் பஸ்ஸில் போய்வரலாம்.