மன உறுதி மட்டும் 310 கிலோவைத் தூக்காது

‘ஊனம் உடலில் இல்லை, மனதில்தான் இருக்கிறது.’ பள்ளி ஆண்டு விழா மேடையிலிருந்து காலை வணக்க வாட்ஸ்அப் வரை இந்த வாசகம் நுழையாத இடமில்லை. கூடவே ஒரு படமும் வரும். இரும்புப் பாரை நெஞ்சுக்கு மேலே ஏந்திப் படுத்திருக்கும் வீரர்; பக்கத்தில் அவருடைய சக்கர நாற்காலி. ‘இவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?’ என்று கீழே ஒரு கேள்வி. அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் மன உறுதி ஒன்றிருந்தால் போதும் என்கிற இந்த நம்பிக்கை பொய். மாற்றுத்திறனாளிகளுக்குக் கேடு செய்கிற பொய். அதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் வீரர்களின் வாழ்க்கையே அதை மறுக்கிறது.

ஈரானின் சியாமந்த் ரஹ்மானை எடுத்துக்கொள்வோம். 1988-இல் மேற்கு அசர்பைஜான் மாகாணத்தின் உஷ்னவியே என்ற ஊரில் பிறந்த குர்து இனத்தவர். 2012 லண்டன் பாராலிம்பிக் வலுதூக்குதலில் ஆண்களுக்கான மிக அதிக எடைப் பிரிவில் 280 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2016 ரியோவில் 300 கிலோவைத் தாண்டிய முதல் பாராலிம்பிக் வீரர் என்ற பெயரைப் பெற்றார். அதோடு நிற்காமல் அன்றே 310 கிலோவைத் தூக்கினார். 2020 மார்ச் 1 அன்று மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 31.

அந்த 310 கிலோ எப்படித் தூக்கப்படுகிறது என்று பாருங்கள். வழக்கமான பென்ச் பிரஸ்ஸில் வீரர் பாதங்களைத் தரையில் அழுத்தமாக ஊன்றிக்கொள்வார். தொடையின் வலு இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறும். பாரா வலுதூக்குதலில் அந்த வசதி கிடையாது. கால்கள் பென்ச்சின் மேலேயே நீட்டிக் கிடக்க வேண்டும். தேவைப்பட்டால் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். ‘ஸ்டார்ட்’ என்ற குரல் கேட்டபின் பார் நெஞ்சுக்கு இறங்க வேண்டும். நெஞ்சில் பட்டதும் அசைவே இல்லாமல் நிற்க வேண்டும். அதன்பிறகு இரண்டு கைகளும் ஒரே சீராக மேலே போய், முழங்கைகள் முழுவதும் நீண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கை முந்தி மறு கை பிந்தினால் சிவப்பு விளக்கு. நெஞ்சில் பட்ட பார் மேலே எழும்போது நடுவில் சற்றே கீழே இறங்கினாலும் சிவப்பு விளக்கு. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கைப் போட்டால்தான் தூக்கிய எடை கணக்கில் சேரும். கால்களின் உதவியே இல்லாமல் ரஹ்மான் 310 கிலோ தூக்கியதற்கு முந்தைய ஆண்டுதான், பாதங்களைத் தரையில் ஊன்றித் தூக்கும் ரஷ்யாவின் கிரில் சாரிச்செவ் 335 கிலோவோடு உலக சாதனை படைத்திருந்தார். ரஹ்மானின் எடையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரக்கப்பட்டுக் கைதட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

லண்டனில் 280, ரியோவில் 310. நான்கு ஆண்டுகளில் 30 கிலோ. மார்பு, தோள், புயத்தின் பின்தசை, முதுகு என ஒவ்வொன்றையும் தனித்தனியே வலுப்படுத்தி, எப்போது எடையைக் கூட்டுவது, எப்போது குறைத்து உடலுக்கு ஓய்வு தருவது என்று கணக்குப் பார்த்துச் சேர்த்த 30 கிலோ அது. அதற்கு வேளை தவறாத சத்தான உணவு வேண்டும். கையின் கோணத்தைக் கவனித்துத் திருத்த ஒரு பயிற்சியாளர் வேண்டும். பாரின் இரு முனையிலும் நின்று, தவறினால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். இத்தனையையும் ‘மன உறுதி’ என்ற ஒரே சொல்லில் சுருட்டிவிடுவது அவருடைய உழைப்பையும் கூட இருந்தவர்களின் உழைப்பையும் கொச்சைப்படுத்துவதாகும்.

‘மனமுண்டானால் மார்க்கமுண்டு என்பது பொய்யா?’ என்று கேட்பார்கள். மன உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரியோவில் அதே பிரிவில் வெள்ளி வென்ற எகிப்து வீரர் தூக்கியது 235 கிலோ. இருவருக்கும் இடையே இருந்த 75 கிலோ வித்தியாசம் மன உறுதியின் வித்தியாசமா? அந்த எகிப்தியருக்கு நெஞ்சுரம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? பாராலிம்பிக் மேடை வரை வந்துசேர்ந்த எல்லோருக்கும் மன உறுதி இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி ஒருவருடைய வெற்றிக்கு விளக்கம் சொல்ல முடியாது.

ரஹ்மான் மறைந்த பிறகு நடந்ததையும் கவனியுங்கள். அடுத்த ஆண்டு டோக்கியோவில் அதே பிரிவில் வெள்ளி வென்றவர் மன்சூர் பூர்மிர்சாயி, ஈரானியர். 2024 பாரிஸில் தங்கம் வென்றவர் அஹ்மத் அமீன்சாதே, அவரும் ஈரானியர். லண்டன் முதல் பாரிஸ் வரை நான்கு பாராலிம்பிக்கில் மூன்றில் அந்தத் தங்கம் ஒரே நாட்டுக்குப் போயிருக்கிறது. மன உறுதி என்ன ஈரானில் மட்டும் விளைகிற பயிரா? 1980 முதல் 1988 வரை ஈராக்கோடு நடந்த போரில் ஊனமுற்ற பெருந்தொகையான வீரர்களுக்காக அந்த நாடு விளையாட்டுக்கு ஏற்பாடு செய்தது. 1988-இல் சியோலில் முதன்முதலாகப் பாராலிம்பிக்குக்குப் போனது. ஈரானில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைப் பழக்குகிறது. பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் இது இயலும் என்பதும் இல்லை. 2016-இல் நைஜீரியா வென்ற பாராலிம்பிக் தங்கங்களில் பெரும்பகுதி வலுதூக்குதலில் கிடைத்தவைதான்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே போலியோவுக்கு ஆளான பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு, 2004 ஏதென்ஸில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் வலுதூக்குதலில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஹரியானாவின் சுதிர் 212 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பாரிஸில் தமிழ்நாட்டின் கஸ்தூரி ராஜாமணி உட்பட நம்மவர்கள் களமிறங்கினார்கள். அங்கே இந்தியா மொத்தம் 29 பதக்கங்கள் வென்றும் இந்த விளையாட்டில் ஒன்றுகூட வரவில்லை. மன உறுதிதான் எல்லாம் என்றால், நம் பிள்ளைகளுக்கு அது இல்லை என்றல்லவா ஆகிறது? அப்படிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இல்லாதது மன உறுதி அல்ல. பாரா வலுதூக்குதலுக்கான பென்ச்சின் நீளம் 210 சென்டிமீட்டர், அகலம் 61 சென்டிமீட்டர். தலைப்பக்கம் மட்டும் குறுகியிருக்கும். ஊர் ஜிம்மில் உள்ள பென்ச் முதுகின் அகலத்துக்குத்தான் இருக்கும். காலை ஊன்றிக்கொள்ள முடிந்தவருக்காகச் செய்யப்பட்டது அது. கால் செயலிழந்த ஒருவர் அதில் படுத்தால் கால்கள் பக்கத்தில் சரியும், இடுப்பும் உடன் திரும்பும். அந்த நிலையில் 100 கிலோவை நெஞ்சுக்கு மேல் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. இதுவும் ஜிம்முக்குள் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற சிக்கல்தான். நம் ஊர்களில் எத்தனையோ ஜிம்கள் கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கின்றன. மாடிப்படிக்கு மன உறுதி புரியாது.

இந்த வாசகத்தின் கேடு இங்கேதான் இருக்கிறது. ஊனம் மனதில்தான் என்று சொல்லிவிட்டால், சாய்வுதளம் வைக்காத கட்டட உரிமையாளர் தப்பித்துக்கொள்கிறார். தாழ்தளப் பேருந்து விடாத நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது. தகுந்த பென்ச் வாங்காத விளையாட்டு அரங்கமும் தப்பித்துக்கொள்கிறது. பழி முழுவதும் வாசலிலேயே திரும்பிப் போன ஒரு மாற்றுத்திறனாளிப் பெண்ணின் தலையில் விழுகிறது. ‘அவரால் முடிந்தது, உனக்கு மனசு இல்லை’ என்று உறவினர் சொல்ல, அவளும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

சட்டம் இந்த வாசகத்தை விடத் தெளிவாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 30-ஆம் பிரிவு, அவர்கள் விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்யும் கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. இருக்கும் பொதுக் கட்டடங்களையெல்லாம் அவர்கள் பயன்படுத்தும்படி மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு கெடு தந்தது 45-ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். அணுகல் வசதிக்கான தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே ஆசிரியர்களையும் பத்திரிகையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய வீரரைப் பற்றிப் பேசும்போது, அவர் எத்தனை கிலோ தூக்கினார், யாரிடம் பயின்றார், எந்த அரங்கில் பயின்றார், செலவை யார் ஏற்றார் என்று சொல்லுங்கள். ஜிம் நடத்துகிறவர்களே, ஒரு சாய்வுதளமும் ஒரு அகலமான பென்ச்சும் போடுங்கள். உங்கள் மாவட்ட விளையாட்டு அரங்கில் அந்த பென்ச் இருக்கிறதா என்று நீங்கள் ஒவ்வொருவரும் விசாரியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். இவற்றைச் செய்யாமல் அந்த வாசகத்தை மட்டும் பகிர்ந்துகொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.