பெயர் பொறித்த பொய்: பழைய கார்களும் மாற்றுச் சாவிகளும்

பழைய கார்களை மீட்டெடுப்போர் நடுவே ‘அசல்’ என்ற சொல் படும் பாடு சொல்லி மாளாது. எஞ்சின் எண் ஆலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா, இருக்கைத் தோலின் தையல் அந்த ஆண்டுக்குரியதா, சக்கர மூடியின் முத்திரை எப்போது மாறியது என்று இரவெல்லாம் வாதிடுவார்கள். அந்த அக்கறையை நாம் கேலி செய்யவில்லை. முதற்பதிப்பில் ஒரு ஒற்றெழுத்து இருந்ததா இல்லையா என்று மல்லுக்கட்டும் நமக்கு அந்த நோய் அந்நியமானதன்று. நம் புகார் வேறு. இத்தனை கறாரான மனிதர்கள் சாவி என்று வந்ததும் இரண்டில் ஒரு பிழையைச் செய்துவிடுகிறார்கள். பழைய பூட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பூட்டும் சாவியுமாக வாங்கி மாட்டுகிறார்கள். அல்லது பழைய நிறுவனத்தின் பெயரை நேற்றுப் பொறித்த ஒரு சாவியை வாங்கிவிட்டு, அசல் கிடைத்ததென்று மகிழ்கிறார்கள். முதலாவது அழிப்பு. இரண்டாவது பொய். இரண்டையும் மீட்டெடுப்பு என்ற பெயரால் அழைப்பதை ஏற்கவியலாது என்பதே நம் வாதம்.

சாவியின் மெய்மை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1950களிலும் 60களிலும் பிரிட்டனில் வெளிவந்த எம்ஜி, மோரிஸ், டிரையம்ஃப் கார்கள் பலவற்றின் பூட்டுகளைச் செய்தது பர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்மாட் பிரீடன் நிறுவனம். ‘யூனியன்’ என்ற பெயர் பொறித்த சாவிகளையும் இக்கார்களில் பரவலாகக் காணலாம். அது பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன வில்லன்ஹால் ஊரிலிருந்து வந்த வணிகப் பெயர். இவற்றில் வெகுவாகப் புழங்கியது எஃப்எஸ் என்ற வரிசை. அது 876இல் தொடங்கி 955இல் முடிகிறது. அதாவது மொத்தமே 80 சாவிகள். எண்ணற்ற கார்கள் இந்த 80 சாவிகளைப் பங்கிட்டுக்கொண்டன. தெருவில் நின்ற வேறொருவரின் காரை உங்கள் சாவி திறந்திருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணும் மறைவானதன்று. பல கார்களில் இக்னிஷன் பூட்டின் முகப்பிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி பொறித்திருப்பார்கள். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லி வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்க வழக்கம் நேரெதிரானது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் பூட்டுகள் செய்தது. 1935 முதல் 1966 வரையிலான கார்களுக்குச் சாவி எண்கள் 8000 முதல் 9499 வரை ஓடின. எண்கோணத் தலை கொண்ட சாவி இக்னிஷனுக்கும் கதவுக்கும். வட்டத் தலை கொண்டது டிக்கிக்கும் முன்பெட்டிக்கும். எண், சாவியின் தலையில் இருந்த ஒரு சிறு உலோகத் துண்டில் இருக்கும். கார் விற்பனையாகும்போது அந்தத் துண்டைத் தட்டி எடுத்துவிடுவார்கள். சாவியைக் கண்ணால் பார்த்தவன் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்த் திருட்டுச் சாவி செய்துவிடக் கூடாது என்பது காரணம். உரிமையாளர் எண்ணை எழுதி வைத்தால் உண்டு. இல்லையேல் அது போனது போனதுதான். இன்று ஒரு பழைய ஷெவர்லேயின் சாவித் தலையில் நாம் காணும் சிறு ஓட்டை, தொலைந்துபோன ஒரு தகவலின் தடம்.

இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றைத்தான் உணர்த்துகின்றன. சாவி என்பது அடிப்படையில் ஓர் எண். உலோகம் அதன் எழுத்துவடிவம். பூட்டின் உள்ளே இருக்கும் தகடுகளின் வரிசைக்கும் சாவியின் வெட்டுகளுக்கும் இடையிலான உறவுதான் அந்த எண். தலையில் பொறித்த பெயர் வெறும் அட்டைப்படம்.

இப்போது சாவி வெட்டும் கடைகளில் நடப்பதைப் பாருங்கள். கையில் இருக்கும் தேய்ந்த சாவியை இயந்திரத்தின் ஒரு பக்கமும் வெட்டப்படாத சாவியை மறுபக்கமும் பொருத்தி, அதைப் பார்த்து இதை வெட்டுகிறார்கள். அறுபது ஆண்டுகள் சட்டைப்பையில் உரசித் தேய்ந்த தேய்மானம் முழுவதும் புதிய சாவிக்கு அப்படியே வந்து சேர்கிறது. அதைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் அதன் பிழையும் இதன் பிழையும் கூடும். ஏட்டுச்சுவடிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படியெடுத்தவன் விட்ட எழுத்து அடுத்த படியில் விடுபட்ட சொல்லாகும். அதற்கடுத்த படியில் பொருளே மாறும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஏட்டை நம்பி அச்சுக்கோக்கவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார். சாவிக்கும் அதுவே முறை. தேய்ந்த பிரதியை விட்டுவிட்டு எண்ணுக்குத் திரும்ப வேண்டும். எண்ணைக் கொண்டு, ஆலை வகுத்த ஆழங்களுக்கு வெட்டிய சாவி, தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டியதைவிட அந்தப் பூட்டுக்கு நெருங்கிய உறவு.

எண் தெரியாதபோது? பூட்டின் முகப்பைத் துடைத்துப் பாருங்கள். பழைய கையேட்டின் ஓரத்தில், வாங்கியபோது தந்த காகிதங்களில் யாரேனும் குறித்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கைதேர்ந்த பூட்டுத் தொழிலாளி பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் தகடுகளை அளந்து எண்ணைப் படித்துவிடுவார். இதற்குத்தான் பழைய பூட்டைத் தூக்கி எறியாதே என்கிறோம். சாவியே இல்லாத காரிலும் அந்த மூலப்பிரதி பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப் பூட்டு மாட்டுபவர், ஏடு படிக்கக் கடினமாக இருக்கிறதென்று ஆற்றில் விட்டவரின் வம்சம். புதிய சாவி திரும்ப மறுக்கிறது என்பதற்காக உள்ளிருக்கும் தகடுகளை அரத்தால் ராவிவிடுகிறவர்களும் உண்டு. பிறகு எந்தச் சாவியும் அந்தப் பூட்டைத் திறக்கும். தேய்ந்தது தகடு என்றால் அதே கூட்டில் அதே எண்ணுக்குரிய புதிய தகடுகளை இடுவதே நேரிய வழி.

இனி பெயரின் பொய்க்கு வருவோம். அந்தக் காலத்திலேயே ஆலையில் வெட்டி, விற்காமல் கிடங்கில் கிடந்த சாவிகள் இன்றும் கிடைக்கின்றன. ஹாம்ப்ஷயரின் பியூலியில் 1967 முதல் நடந்துவரும் பழைய உதிரிபாகச் சந்தையிலும், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் 1955 முதல் கூடும் சந்தையிலும் தேடுவோர் தேடுகிறார்கள். எஃப்எஸ் வரிசையில் 80 எண்களே இருப்பதால், பொறுமை உள்ளவருக்கு அதே எண், அதே காலம், அதே ஆலை என்று பொருந்திய சாவி அகப்படுவது நடக்கக்கூடியதே. அது அந்தக் காரோடு பிறந்த சாவியன்று. ஆயினும் அதன் உடன்பிறப்பு. மாற்றுச் சாவிகளில் இதைவிட மெய்யானது இல்லை. இந்தத் தேடலுக்கு அலுத்துக்கொள்பவர்களுக்காகவே பழைய பெயரும் பழைய எழுத்துருவும் பொறித்த இன்றைய சாவிகள் சந்தையில் குவிகின்றன.

இதில் என்ன தவறு, நகல் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறதே, சில நிறுவனங்கள் முறையாக உரிமம் பெற்றுத்தானே செய்கின்றன என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உறை எத்தனை நாள் இருக்கும்? வாங்கிய மறுநாள் அது குப்பைக்குப் போகும். பத்து ஆண்டுகளில் சாவியின் பளபளப்பு மங்கும். கார் கைமாறும். அடுத்த உரிமையாளர் எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் அதை ‘அந்தக் காலத்துச் சாவி’ என்பார். அதற்கடுத்தவர் அதற்கு விலையும் வைப்பார். பொய் சொன்னவர் யாருமில்லை, ஆனாலும் பொய் நிலைபெற்றுவிட்டது. அதைவிடக் கொடியது, உண்மையான பழைய சாவியின் மீதும் அப்போது சந்தேகம் படிந்துவிடும். போலி மலிந்த சந்தையில் அசலும் தன் சாட்சியை இழக்கிறது.

கட்டடக் கலையைப் பேணுவோர் இந்தச் சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டார்கள். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், விடுபட்ட பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே சமயம் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் அந்த மரபைத்தான் பின்பற்றுகிறது. கோவில் தூணுக்குப் பொருந்தும் நேர்மை ஒரு பித்தளைத் துண்டுக்குப் பொருந்தாதா? இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு, இதற்கு எதற்கு இத்தனை ஆவேசம் என்போருக்கும் இதுவே விடை. பழைய பொருளைக் காப்பது, அது கடந்துவந்த காலத்தைக் காப்பது. தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லும் பொருள் அழகாக இருக்கலாம். சாட்சியாக இருக்க முடியாது.

ஆகவே மீட்டெடுப்போரிடம் நாம் கேட்பது மிகக் கொஞ்சம். பழைய பூட்டை வைத்திருங்கள். எண்ணைத் தேடிக் காரின் காகிதங்களோடு எழுதி வையுங்கள். அந்த எண்ணுக்கே சாவியை வெட்டுங்கள். புதிய சாவியென்றால் அதன் பின்புறத்தில், தலைப்பகுதியில், வெட்டிய ஆண்டைச் சிறிதாகப் பொறியுங்கள். வளையத்தில் தொங்கும்போது அது யார் கண்ணையும் உறுத்தாது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சாவியைக் கையில் எடுப்பவர், எது 1962இல் செய்தது, எது நீங்கள் செய்தது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார்.